தொகுதி ஒன்று, பகுதி வேறொன்று

அமெரிக்கப் பங்குச் சந்தைகள் 2015ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி அன்றைய வியாபாரத்தை முடித்துக்கொண்ட பிறகு, நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி தன்னுடைய இரண்டாம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. அந்தக் கணக்கைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் என்னும் பெரிய செய்தி ஸ்தாபனத்தின் பெயரில் வந்த குறிப்பொன்றில், வருஷத் தொடக்கத்திலிருந்து கம்பெனியின் பங்கு விலை 71 சதவீதம் வீழ்ந்துவிட்டதாக ஒரு வாக்கியம் காணப்பட்டது. உண்மையில், வருஷத் தொடக்கத்தில் அந்தப் பங்கை வாங்கி வைத்திருந்தவருடைய பணம் அந்த ஆறரை மாதத்திற்குள் இரட்டித்திருந்தது. குறிப்பை எழுதியது மனிதக் கை அன்று. கம்பெனிகளின் காலாண்டுக் கணக்குகளை எண்களாக வாங்கி, முன்னரே அமைத்து வைத்த வாக்கியங்களில் அவற்றைப் பொருத்திச் செய்தியாக்கும் மென்பொருளை அந்த ஸ்தாபனம் 2014ஆம் ஆண்டு ஜூலை முதல் உபயோகித்து வந்தது. நிருபர்கள் எழுதிய காலத்தில் காலாண்டுக்குச் சுமார் 300 என்றிருந்த இத்தகைய குறிப்புகள், யந்திரம் வந்தபின் 3,000க்கு மேல் பெருகியிருந்தன.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 2014 டிசம்பர் மாதத்தின் கடைசி நாளில் நெட்ஃபிளிக்ஸ் பங்கு ஒன்றின் விலை சுமார் 341 டாலர். 2015 ஜூலை 15ஆம் தேதி வியாபாரம் முடிந்தபோது அது சுமார் 98 டாலர். 98ஐ 341ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.29 கிடைக்கிறது, அதாவது நூற்றுக்கு 29 மிஞ்சி, 71 போய்விட்டது. வகுத்தலில் அணுவளவும் பிசகில்லை. ஆனால், முந்திய நாள் வரையில் 700 டாலருக்கு மேல் விற்றுவந்த அந்தப் பங்கு, அதே ஜூலை 15 காலையில்தான் ஒன்றுக்கு ஏழாகப் பிரிக்கப்பட்டு வியாபாரத்துக்கு வந்திருந்தது. 98 டாலர் என்பது புதிய சிறு பங்கின் விலை. 341 டாலர் என்பதோ அத்தகைய ஏழு சிறு பங்குகளைத் தன்னுள் அடக்கியிருந்த பழைய பெரும் பங்கின் விலை. பழைய விலையையும் ஏழால் வகுத்துச் சுமார் 49 டாலர் என்று வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிட்டிருந்தால், இரண்டு மடங்கு என்னும் உண்மை தானாகவே வெளிப்பட்டிருக்கும். செய்தி ஸ்தாபனம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

பள்ளிக்கூடத்தில் பின்னம் கற்பிக்கும் ஆசிரியர், கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுக்கிறார். தொகுதியும் பகுதியும் ஒரே பொருளைச் சுட்டுபவையாகவும், ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவைகளால் அளக்கப்பட்டவையாகவும், ஒன்றோடொன்று இசையும் காலத்தைச் சேர்ந்தவையாகவும் இருந்தாலன்றி, அவற்றை வகுத்துப் பெறும் விடைக்கு அர்த்தம் கிடையாது என்பதை அவர் தனியாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அந்த வகுப்பறையில் எழுவதும் இல்லை. பௌதிக சாஸ்திரிகளோ இந்த நியமத்தைத் தங்கள் தொழிலின் முதற் பாடமாகக் கைக்கொண்டிருக்கிறார்கள். சமன்பாட்டின் இரு புறமும் ஒரே பரிமாணம் உடையனவா என்று சோதித்த பிறகே எண்களைத் தொடுவது அவர்கள் வழக்கம். அந்தச் சோதனை ஓரிடத்தில் தவறியதால்தான், பவுண்டு அளவையில் ஒரு மென்பொருள் கொடுத்த எண்ணை நியூட்டன் அளவை என்று மற்றொரு மென்பொருள் எடுத்துக்கொள்ள, 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம் அழிந்தது. பங்குகளைப் பற்றி யந்திரங்கள் தயாரிக்கும் அறிக்கைகளில் நாம் காணும் பிழைகள் பெரும்பாலும் இதே குலத்தைச் சேர்ந்தவை. யந்திரம் வகுப்பதில் தவறுவதில்லை. வகுக்கத் தகாதவற்றை வகுத்துவிடுகிறது.

இத்தகைய அறிக்கைகள் எப்படி உண்டாயின என்பதைத் தெரிந்துகொண்டால், அவற்றின் மேல் ஜனங்கள் வைக்கும் நம்பிக்கையின் காரணமும் விளங்கும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இணைய வியாபாரக் கம்பெனிகளின் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறியபோது, பெரிய முதலீட்டு வங்கிகளின் ஆய்வாளர்கள், தங்கள் வங்கிக்குக் கட்டணம் கொடுக்கும் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும்படி வெளிப்படையாகச் சிபாரிசு செய்துகொண்டே, அந்தரங்கக் கடிதங்களில் அவற்றை இகழ்ந்து எழுதியிருந்தார்கள். விஷயம் வெளிவந்து, 2003 ஏப்ரலில் பத்து பெரிய ஸ்தாபனங்கள் சுமார் 140 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டன. மனித ஆய்வாளனிடம் ஜனங்கள் நம்பிக்கை இழந்திருந்த அந்தச் சந்தர்ப்பத்தில், சார்லஸ் ஷ்வாப் என்னும் தரகு ஸ்தாபனம் 2002ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3,000 கம்பெனிகளுக்கு, ஏ முதல் எஃப் வரையில், கணிதச் சூத்திரங்களைக் கொண்டே தரம் குறிக்கத் தொடங்கியது. சுயலாபம் இல்லாத, யாருக்கும் கடமைப்படாத யந்திரத்தின் தீர்ப்பு என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதுதான் என்பது என் அபிப்பிராயம். பம்பாய்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட 5,000க்கு மேற்பட்ட கம்பெனிகளில் மனித ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனிப்பவை சில நூறுகளே. மற்றவற்றைப் பற்றிச் சாதாரண முதலீட்டாளருக்கு ஏதாவது சொல்ல யந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லாமை வேறு, உண்மை சொல்லுதல் வேறு என்பதை அந்தக் காலத்து உற்சாகத்தில் எவரும் நின்று யோசிக்கவில்லை.

இன்று தரகர் கொடுக்கும் கைப்பேசிச் செயலியில் ஒரு கம்பெனியின் பெயரைத் தொட்டால், அதன் விலை, விலை–வருவாய் விகிதம், ஈவுத்தொகை வீதம், கடன் விகிதம், மதிப்பெண், சில வாக்கியங்களில் அதன் பலமும் பலவீனமும் எல்லாம் ஒரு கணத்தில் விரிகின்றன. இவற்றில் எதையும் தரகு ஸ்தாபனத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதுவதில்லை. கம்பெனி சந்தைக்கு அனுப்பும் காலாண்டுக் கணக்கைத் தகவல் விற்கும் ஸ்தாபனம் ஒன்று யந்திரத்தால் படித்துத் தன்னுடைய பத்திகளில் நிரப்புகிறது. அடிக்குறிப்புகள் அந்தப் பத்திகளுக்குள் அடங்காமையால் வழியிலேயே நின்றுவிடுகின்றன. விலை மற்றொரு வழியாக நொடிக்கு நொடி வருகிறது. பங்குகளின் எண்ணிக்கை மூன்றாவதொரு வழியாக, அதற்கென உள்ள கால தாமதத்தோடு வருகிறது. மூன்று வழியாக வந்த எண்கள் திரையில் ஒரே வரியில், ஒரே எழுத்தில், இரண்டு தசம ஸ்தானங்களோடு நிற்கும்போது, அவை ஒரே வேளையில் ஒரே கையால் அளக்கப்பட்டவை என்னும் பிரமை பார்ப்பவருக்கு உண்டாகிறது.

இந்தியாவில் இந்தப் பிரமை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியின் 2025ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரு முறை காட்டின. முதல் முறை இல்லாத வீழ்ச்சியாகவும், இரண்டாம் முறை இல்லாத மலிவாகவும்.

அந்தக் கம்பெனி தன்னுடைய லாரி, பஸ் முதலிய வர்த்தக வாகனத் தொழிலையும், கார்த் தொழிலையும் இரண்டு கம்பெனிகளாகப் பிரிக்கத் தீர்மானித்தது. பங்குதாரருக்கு, கையிலிருக்கும் பங்கு ஒவ்வொன்றுக்கும் வர்த்தக வாகனக் கம்பெனியின் பங்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். குடும்பச் சொத்தில் பாகப்பிரிவினை நடப்பது போன்றதுதான் இது; மொத்தச் சொத்து குறையவில்லை, பத்திரம் ஒன்று இரண்டாயிற்று. 2025 அக்டோபர் 13ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் பிரியாத பழைய பங்கின் முடிவு விலை 660 ரூபாய் 75 காசு. மறுநாள் காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை நடந்த விசேஷக் கூட்டத்தில், கார்த் தொழிலை மட்டும் சுமந்து நின்ற பங்குக்குச் சந்தை நிர்ணயித்த விலை 400 ரூபாய். எஞ்சிய 260 ரூபாய் 75 காசும் எங்கும் போய்விடவில்லை. அதுவே வர்த்தக வாகனத் தொழிலுக்குச் சந்தை அன்று மறைமுகமாகக் குறித்த மதிப்பு. ஆயினும் பல தரகர்களின் செயலிகள் 400ஐத் தொகுதியாகவும் 660.75ஐப் பகுதியாகவும் வைத்து வகுத்து, ஏறக்குறைய 40 சதவீத நஷ்டம் என்று சிவப்பு எழுத்தில் காட்டின. தொகுதி பிரிந்த பாகத்தின் விலை. பகுதி பிரியாத முழுச் சொத்தின் விலை.

இதிலும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வர்த்தக வாகனக் கம்பெனியின் பங்குகள் நவம்பர் 12ஆம் தேதி வரையில் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆகவே சுமார் ஒரு மாத காலம், முதலீட்டாளருடைய பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமாட் கணக்கில் அந்தப் பங்குகளுக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. விலை தெரியாத இடத்தில் வெற்றிடமாக விடுவதா, பூஜ்யம் என்று போடுவதா என்பது மென்பொருளை அமைத்தவர் ஏதோ ஒரு நாளில் போகிறபோக்கில் செய்த தீர்மானம்; பூஜ்யம் என்று தீர்மானித்திருந்தால், மொத்தச் சொத்து மதிப்பிலிருந்து அந்தப் பங்குகள் முழுவதும் மறைந்துவிடும். தெரியாதது என்பதும் இல்லாதது என்பதும் மனிதனுக்கு இரு வேறு செய்திகள். கூட்டல் செய்யும் யந்திரத்திற்கு அவை ஒன்றே. நவம்பர் 12ஆம் தேதி அந்தப் பங்கு தேசியப் பங்குச் சந்தையில் 335 ரூபாய்க்கு வியாபாரத்தைத் தொடங்கியது. இந்த 335ஐ அக்டோபர் மாதத்து 400உடன் கூட்டி 735 என்று சந்தோஷப்படுவதும் பிழையே. ஏனெனில் இரண்டும் வெவ்வேறு நாள் விலைகள்.

வீழ்ச்சியின் கதை இவ்விதமாக, மலிவின் கதை இன்னும் சிக்கலானது. நவம்பர் 14ஆம் தேதி, கார்த் தொழிலை வைத்துக்கொண்ட டாட்டா மோட்டார்ஸ் பேசஞ்சர் வெஹிக்கிள்ஸ், செப்டம்பரோடு முடிந்த காலாண்டுக்கான தொகுப்புக் கணக்கை வெளியிட்டது. நிகர லாபம் சுமார் 76,000 கோடி ரூபாய். இந்தியாவின் மிகப் பெரிய கம்பெனிகள் கூட ஒரு வருஷம் முழுவதும் உழைத்துச் சம்பாதிக்கும் தொகைக்குச் சமமான இது, ஒரே காலாண்டில் எப்படி வந்தது? பிரிந்துபோகும் தொழிலை அதன் நியாய மதிப்பில் மதிப்பிட்டு, அந்த மதிப்புக்கும் புத்தகத்தில் எழுதியிருந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை லாபமாகக் காட்டும்படி கணக்கியல் விதி சொல்கிறது. அவ்வாறு காட்டிய தொகை 82,000 கோடிக்கு மேல். இதில் ஒரு ரூபாய் கூடக் கம்பெனியின் கல்லாவுக்கு வரவில்லை. மாறாக, தொடர்ந்து நடக்கும் கார்த் தொழிலில் அந்தக் காலாண்டில் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். அதன் இங்கிலாந்துக் கிளைக் கம்பெனியான ஜாகுவார் லேண்ட் ரோவர், கணினித் தாக்குதல் ஒன்றினால் செப்டம்பர் மாதத்தில் தொழிற்சாலைகளை மூடிவைக்க நேர்ந்திருந்தது.

இப்போது யந்திரத்தின் நிலையிலிருந்து பாருங்கள். கம்பெனியின் பங்குகள் சுமார் 368 கோடி. 76,000 கோடியை அதனால் வகுத்தால், பங்கொன்றுக்கு வருவாய் 200 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தச் சமயத்தில் பங்கின் விலை 400 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. விலையை வருவாயால் வகுத்தால் விடை இரண்டுக்கும் குறைவு. விலை–வருவாய் விகிதம் குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்று சூத்திரத்தில் எழுதிவைத்திருந்தால், நஷ்டத்தில் தவித்த அந்தக் காலாண்டிலேயே நாட்டின் பெரும் கம்பெனிகளில் இதைவிட மலிவானது இல்லை என்னும் முடிவுக்கு அது வந்தே தீரும். விசேஷ லாபத்தை விலக்கும்படி யாராவது கட்டளையிட்டிருந்தாலன்றி, கடந்த நான்கு காலாண்டுகளின் கூட்டுத் தொகையைக் கொண்டு கணிக்கும் எந்தச் சூத்திரத்திலும், 2026 செப்டம்பர் காலாண்டின் கணக்கு வெளியாகி அந்த எண்ணை வெளியே தள்ளும் வரையில், அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கம்பெனி எதையும் மறைக்கவில்லை; கணக்குத் தாளில் எல்லாம் எழுதியிருந்தது. தாளிலிருந்து பத்திக்கும், பத்தியிலிருந்து திரைக்கும் வரும் வழியில்தான் அந்த விளக்கம் கழன்று விழுந்தது.

இதே கம்பெனியை வைத்தே மூன்றாவது பிழையையும் பார்த்துவிடலாம். 2008ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர், பிரிவினைக்கு முந்திய வருஷத்தில் குழுமத்தின் மொத்த விற்பனையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுத்துவந்தது. ஆனால் தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கில் அந்த விற்பனை இராது. கிளைகளையும் சேர்த்து எழுதும் தொகுப்புக் கணக்கில்தான் இருக்கும். பங்கை வாங்குகிறவர் தாயோடு கிளையையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதால், சந்தை விலை எப்போதும் முழுக் குழுமத்துக்கும் உரியது. அந்த விலையைத் தனிக் கணக்கின் லாபத்தால் வகுத்தால் கிடைப்பது எதற்கும் பிரமாணமாகாத ஓர் எண். இதைச் சிறிய செயலிகள் மட்டுமே செய்ததாக நினைக்க வேண்டாம். தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 குறியீட்டின் விலை–வருவாய் விகிதமே பல வருஷங்கள் தனிக் கணக்குகளைக் கொண்டுதான் அதிகார பூர்வமாக வெளியிடப்பட்டு வந்தது. 2021 மார்ச் முடிவில் தொகுப்புக் கணக்குகளுக்கு மாறியபோது, 40க்கு மேல் இருந்த விகிதம் ஒரே நாளில் 33 அளவுக்கு இறங்கியது. அன்று எந்தக் கம்பெனியும் கூடுதலாகச் சம்பாதித்துவிடவில்லை. சந்தை விலையேறிவிட்டதா, இல்லையா என்பதை அந்த ஒரு விகிதத்தின் பழைய சராசரியோடு ஒப்பிட்டுத் தீர்மானித்து வந்தவர்கள், மாறுதலுக்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்த படங்களை அதன் பிறகும் வெகு காலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டுப் பங்குகளில் அளவைக் குழப்பம் இரட்டிக்கிறது. தைவான் நாட்டின் டிஎஸ்எம்சி கம்பெனி அமெரிக்கச் சந்தையில் விற்கும் வைப்புச் சீட்டு ஒன்று, அதன் ஐந்து மூலப் பங்குகளுக்குச் சமம். சீட்டின் விலை அமெரிக்க டாலரில், கம்பெனியின் லாபமோ தைவான் டாலரில். நாணயத்தை மறந்தால் விடை சுமார் முப்பது மடங்கு பிசகும், சீட்டுக்கு ஐந்து பங்கு என்பதை மறந்தால் ஐந்து மடங்கு.

காலத்தைப் பற்றிய பிழைக்கு 2008 செப்டம்பர் 8ஆம் தேதி நடந்ததை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. யுனைட்டெட் ஏர்லைன்ஸ் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரிய செய்தி, ஆறு வருஷங்களுக்குப் பிறகு ஃபுளோரிடா பத்திரிகை ஒன்றின் பழைய இதழ்த் தொகுப்பிலிருந்து மேலே மிதந்து வந்தது. எழுதிய தேதி பக்கத்தில் தெளிவாக இல்லாமையால், கூகுள் செய்திப் பிரிவின் யந்திரம் அதைப் புதிய செய்தியாகவே எடுத்துக்கொண்டது; ஆய்வு ஸ்தாபனம் ஒன்று அதைக் கண்டு தலைப்பைப் புளூம்பெர்க் என்னும் நிதித் தகவல் ஸ்தாபனத்தின் திரைகளுக்கு அனுப்பியது. 12 டாலர் அளவில் இருந்த பங்கு சில நிமிஷங்களுக்குள் 3 டாலருக்கு வந்து, வியாபாரம் நிறுத்தப்பட்டது. உண்மை தெரிந்தபின் விலை மீண்டு, 11 டாலரை ஒட்டி அன்றைய தினம் முடிந்தது. ஆனால் இடையில் நடந்த விற்பனைகளை ரத்து செய்ய நாஸ்டாக் பங்குச் சந்தை மறுத்துவிட்டது. பிழை திருந்தியது, 3 டாலருக்குத் தன் பங்கைக் கொடுத்தவருக்கு அது திரும்பவில்லை. திருத்தத்தின் பயன் கையில் பங்கை வைத்திருந்தவருக்கே போயிற்று என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், ஏனெனில் யந்திர அறிக்கைகளைக் குறித்து எழும் எல்லாப் புகார்களுக்கும், பின்னர் திருத்திவிட்டோம் என்பதே பதிலாக வருகிறது.

எண்ணை வைக்கும் பாத்திரமே சிறியதாகிவிடுவதும் உண்டு. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனி தன் ‘ஏ’ வகுப்புப் பங்கை ஒருபோதும் பிரித்ததில்லை. 2021 மே மாதத்தில் அதன் விலை 4,21,000 டாலரைத் தாண்டியது. நாஸ்டாக்கின் சில தகவல் வழிகள் விலையை நான்கு தசம ஸ்தானங்களோடு, 32 இரும இலக்கங்களில் குறித்துவந்தன. 32 இலக்கங்களில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. நான்கு தசம ஸ்தானங்களைக் கழித்தால் 4,29,496 டாலர் 73 செண்டுக்கு மேல் அந்தப் பாத்திரம் கொள்ளாது. எல்லை நெருங்கியதைக் கண்டு, அந்த வழிகளில் அந்தப் பங்கின் விலையை அனுப்புவதையே நாஸ்டாக் சிறிது காலம் நிறுத்திவைத்தது. விலையைத் தவறாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று அந்த ஸ்தாபனம் முன்கூட்டியே தீர்மானித்ததை நான் மிகவும் மெச்சுகிறேன்; தரகர்களின் செயலிகளில் அந்தத் துணிவு அரிதாகவே காணப்படுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியே தெரிந்த பிழைகள். அவை தெரிந்ததற்குக் காரணம், அவை நம்ப முடியாத அளவுக்குப் பெரியவையாக இருந்ததுதான். ஒரு நாளில் 40 சதவீத வீழ்ச்சியையும், இரண்டுக்கும் குறைந்த விகிதத்தையும் பார்க்கிறவர் புருவத்தை உயர்த்துவார், யாராவது கேள்வி கேட்பார், பத்திரிகை எழுதும். 22 என்று இருக்க வேண்டிய விகிதம் 16 என்று காட்டப்பட்டாலோ, ஒரே ஒரு முறை கொடுத்த விசேஷ ஈவுத்தொகை வருஷா வருஷம் வருவது போலக் கணக்கில் சேர்ந்து 3 சதவீத வீதம் 6 சதவீதமாகத் தோன்றினாலோ, எவரும் சந்தேகப்படமாட்டார். எண் பார்வைக்கு யோக்கியமாக இருக்கிறது. பெரிய பிழையைச் சந்தை கண்டுபிடித்துக் களைந்துவிடுகிறது. நடுத்தரப் பிழை அவ்வாறே தங்கி, ஓய்வூதியத்திலிருந்து மாதம் சில ஆயிரம் எடுத்துப் பங்கில் போடும் ஒருவருடைய தீர்மானத்துக்குள் சத்தமின்றி நுழைந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த இந்திய டீமாட் கணக்குகள், 2025ல் 20 கோடியைத் தாண்டின. பரஸ்பர நிதியின் மேலாளரிடம் அதே பிழையான எண் வந்தால், கம்பெனியின் கணக்குத் தாளைப் பிரித்து அடிக்குறிப்பைப் படிக்க அவரிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கோடிக்கணக்கான கணக்குகளின் சொந்தக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

சத்தமில்லாத பிழைகளில் மிகவும் நீண்ட ஆயுள் உடையது, வாங்கிய விலையைப் பற்றியது. 2023 ஜூலையில் ரிலையன்ஸ் கம்பெனியிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, பழைய பங்கை வாங்கிய விலையில் நூற்றுக்கு 95.32 ரிலையன்ஸுக்கும், 4.68 ஜியோவுக்கும் உரியதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி அறிவித்தது. ஆகவே 2,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, 1,906 ரூபாய் 40 காசுக்கு வாங்கிய ஒன்றாகவும், 93 ரூபாய் 60 காசுக்கு வாங்கிய மற்றொன்றாகவும் ஆகிறது. இந்தப் பங்கீட்டை எழுதிக்கொள்ளாத செயலியில், ஜியோ பங்கு இனாமாக வந்ததாகவும், ரிலையன்ஸ் பங்கு உண்மையைவிடக் குறைந்த லாபம் தந்ததாகவும் என்றென்றும் தோன்றும். ஒரு தரகரிடமிருந்து மற்றொரு தரகரிடம் பங்குகளை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே கதி. பங்கு வந்து சேருகிறது, வாங்கிய விலை வந்து சேருவதில்லை. செயலி காட்டும் லாபக் கணக்கை அப்படியே ஆடிட்டரிடம் கொடுத்தால், இல்லாத லாபத்துக்கு உண்மையான வரி கட்ட நேரிடும்.

பரிகாரம் கஷ்டமானதன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்தத் தேதியைச் சேர்ந்தது, எந்தக் கணக்கைச் சேர்ந்தது, எத்தனை பங்குகளை அடிப்படையாகக் கொண்டது என்னும் மூன்று விவரங்கள் தகவல் விற்பவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பங்குப் பிரிப்பு, போனஸ், தொழில் பிரிவினை ஆகியவற்றின் தேதிகளைச் சந்தைகள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. அந்தத் தேதியைக் கடந்து முன்னும் பின்னும் உள்ள இரு விலைகளை வகுக்கப் போகும் தருணத்தில் யந்திரம் நின்று, சதவீதத்துக்குப் பதிலாக ஒரு குறிப்பைக் காட்டும்படி செய்வது, அந்தச் செயலிகளில் இப்போது இருக்கும் எத்தனையோ அலங்காரங்களைவிட எளிய வேலை. போனஸ் பங்குகள் பதிவுத் தேதியிலிருந்து இரண்டாம் நாளே வியாபாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி ஏற்படுத்திய விதியால், பாதி விலையும் பாதி எண்ணிக்கையுமாகக் கணக்கு தோன்றி மனத்தைக் கலக்கும் காலம் இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கிறது. அதே வருஷம் டிசம்பரில் செபி செய்த மற்றொரு திருத்தத்தின்படி, ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உபயோகித்தால், அவை தரும் முடிவுகளுக்கு அவரே முழுப் பொறுப்பு. ஆனால் இந்தப் பொறுப்பு, வாங்கலாம் விற்கலாம் என்று சொல்லும் ஆய்வறிக்கையோடு நின்றுவிடுகிறது. டாட்டா மோட்டார்ஸ் பிரிந்த 2025 அக்டோபர் 14ஆம் தேதி காலையில் முதலீட்டாளரின் சொந்தக் கணக்குப் பக்கத்தில் தோன்றிய 40 சதவீதச் சிவப்பு எழுத்து, சட்டத்தின் கண்ணில் ஆய்வறிக்கை அன்று; அதைக் கண்டு பயந்து ஒருவர் விற்றிருந்தால், அவருக்கு யாரும் ஆலோசனை சொன்னதாக ஆகாது. ஆலோசனை கூறும் வாக்கியத்துக்கு உள்ள அதே பொறுப்பு, கணக்குப் பக்கத்தில் காட்டப்படும் எண்ணுக்கும் விதிக்கப்பட வேண்டும்; அதுவும் அடுத்த பெரிய பிரிவினை வருவதற்கு முன்னால்.